கார் நின்றே கிடக்கிறது, ஆயில் மாற்ற வேண்டுமா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

பெங்களூரில் நம்மவர்கள் பலர் வீட்டில் கார் இருக்கிறது, ஓட்டம்தான் இல்லை. வேலை வீட்டிலிருந்தே நடக்கிறது. 2023 அக்டோபரில் ஒயிட்ஃபீல்டு வரை மெட்ரோ ரயிலின் பர்ப்பிள் லைன் முழுசாகத் திறந்தது, 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை யெல்லோ லைனும் வந்துவிட்டது. கார் அல்சூரிலோ கே.ஆர்.புரத்திலோ ஒரு பேஸ்மென்ட்டில் கவர் போட்டு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயில், காய்கறி, அப்புறம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஓசூர் தாண்டி ஊர்ப் பயணம். வருடத்துக்கு 2,000, 3,000 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம்.

சர்வீஸ் புத்தகத்தில் பெரும்பாலான கார்களுக்கு '10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது' என்று போட்டிருக்கும். பலர் அதில் முன்பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். ஓடாத காருக்கு எதற்குச் செலவு என்று மூன்று வருடம் அதே ஆயிலில் விட்டுவிடுகிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிலோமீட்டர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வருடம் ஒரு முறை ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஓடுகிற கொஞ்ச ஓட்டமும் என்ஜின் சூடேறுவதற்குள் முடிந்துவிடும் குட்டி ஓட்டமாக இருந்தால் 6 மாதத்துக்கு ஒரு முறை. அதற்கு நடுவில் கார் ஏதாவது அறிகுறி காட்டினால் தேதி பார்க்க வேண்டாம், கீழே சொல்லும்படி சோதித்துப் பாருங்கள்.

ஓடாத காரில் ஆயில் ஏன் கெடுகிறது?

சீல் உடைக்காத டப்பாவில் ஆயில் நான்கைந்து வருடம் நன்றாகவே இருக்கும். ஆகவே சும்மா இருப்பதால் ஆயில் கெட்டுவிடுகிறது என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. அரைகுறையாக ஓட்டுவதுதான் அதைக் கெடுக்கிறது.

1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். குளிர்ந்த காலையில் சைலன்சர் நுனியில் சொட்டுவது அதுதான். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் கீழே ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இறங்கும். கூடவே பெட்ரோலும் இறங்கும், ஏனென்றால் குளிர்ந்த என்ஜினுக்குக் காரின் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் கொடுக்கிறது. அது முழுசாக எரியாமல் சிலிண்டர் சுவரில் ஒட்டி ஆயிலோடு கலக்கிறது.

ஆயில் 90, 100 டிகிரி வரை சூடாகி, அந்தச் சூட்டிலேயே கொஞ்ச நேரம் ஓடினால் இந்தத் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகிக் கிளம்பும். என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வு அதை இழுத்து மறுபடியும் சிலிண்டருக்கு அனுப்ப, அது எரிந்துவிடும். அந்தச் சூடு வராவிட்டால் எல்லாம் உள்ளேயே தங்கும். தண்ணீரும் எரிந்த வாயுவும் சேர்ந்து அமிலமாகும். அதை முறிப்பதற்கென்றே ஆயிலில் காரத்தன்மை உள்ள சேர்மானம் கலந்து விற்கிறார்கள். அந்தச் சேர்மானம் தீர்ந்துவிட்டால், கார் நின்றுகொண்டிருக்கும்போதே பேரிங் மேற்பரப்பை அமிலம் அரிக்கத் தொடங்கும்.

டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று நிம்மதி அடைய வேண்டாம். அது கூலன்ட்டின், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின், சூடு. ஆயில் அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் ஏறும். என்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று காட்டும் நீல விளக்கு அணைவதற்கும் இதே கதைதான்.

பெங்களூருக்கே உரிய இன்னொரு சங்கதியும் உண்டு. சில்க் போர்டு, டின் ஃபேக்டரி பக்கம் 5 கிலோமீட்டருக்கு 40 நிமிடம் ஆகும் நாளில் மீட்டர் 5 என்றுதான் காட்டும். ஆயில் 40 நிமிடம் வேலை செய்திருக்கும். மீட்டரை மட்டும் நம்பினால் இந்தக் கணக்கு நமக்குத் தெரியவே தெரியாது.

எந்த அறிகுறிக்கும் முன்னால்: டிப்ஸ்டிக்

என்ன சந்தேகம் வந்தாலும் முதலில் டிப்ஸ்டிக்கை, அதாவது குறைந்த அளவு, அதிக அளவு என்று இரண்டு குறிகள் உள்ள ஆயில் அளவுக் கம்பியை, உருவிப் பாருங்கள். கார் சமதளத்தில் நிற்க வேண்டும். பேஸ்மென்ட் சரிவில் நிறுத்திவிட்டுப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். என்ஜின் ஓடியிருந்தால் அணைத்து 5, 10 நிமிடம் விடுங்கள், மேலே போன ஆயில் கீழே இறங்கட்டும். பழைய வெள்ளை வேட்டித் துணி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் தெரிய அதுதான் வசதி. ஒரு முறை உருவித் துடைத்து, மறுபடியும் முழுக்கச் செருகி, உருவிப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தெரிந்தால் குறைவானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவு இரண்டு குறிகளுக்கும் நடுவில் இருக்கிறதா, நிறம் என்ன, வாசனை என்ன, விரலில் தேய்த்தால் வழவழப்பு இருக்கிறதா. இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள்.

ஆயில் கருப்பாக இருக்கிறது

இது மட்டும்தான் அறிகுறி என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. அழுக்கைத் தூக்கிச் சுமப்பது ஆயிலின் வேலை, கருத்துப் போவது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். டீசல் காரில் புது ஆயில் ஊற்றிச் சில நாளிலேயே கருத்துவிடும். அதேபோல, மூன்று வருட ஆயில் தேன் நிறத்தில் பளபளப்பாக இருந்தால் அது நல்ல ஆயில் என்றும் அர்த்தம் இல்லை. அமிலமும் பெட்ரோலும் கண்ணுக்குத் தெரியாது. நிறத்தைக் காட்டி 'இன்னும் ஒரு வருடம் ஓடும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், 'உடனே மாற்ற வேண்டும்' என்று சொன்னாலும் கேட்காதீர்கள். கடைசியாக மாற்றிய தேதியைப் பாருங்கள்.

விரலில் நரநரவென்று மணல் போல் உறுத்தினாலோ மினுமினுவென்று உலோகத் துகள் தெரிந்தாலோ அது வேறு விஷயம். ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஆயில் மூடியின் அடியில் பால்காபி நிறத்தில் பிசுபிசுப்பு

நின்றே கிடக்கும் கார்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலத்திலும், பெங்களூரின் டிசம்பர், ஜனவரிக் குளிரிலும் இன்னும் அதிகம். தண்ணீர் ஆவி மேலே போய், என்ஜினின் மிகக் குளிர்ந்த இடமான மூடியில் பட்டு, இட்லிச் சட்டி மூடியில் துளி நிற்பதுபோல் நிற்கிறது. அங்கே தெறிக்கும் ஆயிலோடு கலந்து அந்தப் பிசுபிசுப்பாகிறது.

இதைப் பார்த்ததும் 'ஹெட் கேஸ்கெட் போய்விட்டது', அதாவது என்ஜின் தலைப்பகுதியின் அடைப்புத் தகடு பழுதாகிக் கூலன்ட் ஆயிலில் கலக்கிறது, என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. ஜீவன் பீமா நகரில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், மகன் வெளிநாட்டில் இருப்பதால் அவன் காரைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறார். தினமும் காலையில் பார்க்கிங்கிலேயே 10 நிமிடம் ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு அணைப்பார். ஒரு நாள் மூடியைத் திறந்து பார்த்து ஆடிப்போனார். போய்க் கேட்ட இடத்தில், "சார், தண்ணி உள்ள இறங்கிடுச்சு. ஹெட்டைக் கழட்டணும்" என்றார்களாம். என்னைக் கூப்பிட்டு, "தம்பி, என் பையனுக்கு என்ன பதில் சொல்லுவேன்?" என்று கலங்கினார்.

கூலன்ட் டப்பாவைப் பார்த்தோம். அளவு குறியிலேயே இருந்தது. டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்தது. மூடியைத் துடைத்துவிட்டு, தேவனஹள்ளிப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வந்தோம். திரும்பி வந்து என்ஜின் ஆறிய பிறகு மூடியைத் திறந்தால் சுத்தமாக இருந்தது. மறுநாள் ஆயில் மாற்றினார். அவ்வளவுதான் செலவு.

நீங்களும் அந்த வரிசையிலேயே போங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் டப்பாவின் அளவைப் பார்த்து, டேப் ஒட்டிக் குறித்து வையுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பிசுபிசுப்பு மூடியில் மட்டும் இருக்கிறது, டிப்ஸ்டிக் தெளிவாக இருக்கிறது, கூலன்ட் குறையவில்லை என்றால் அது வெறும் ஈரம். துடைத்துவிட்டு 40, 45 நிமிடம் நெடுஞ்சாலையில் ஓட்டி மறுபடியும் பாருங்கள். போய்விட்டால் நிம்மதி. ஆனால் ஆயில் மாற்றி 6 மாதம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள், இத்தனை நாள் அந்த ஈரத்தோடுதான் அது இருந்திருக்கிறது.

டிப்ஸ்டிக்கிலேயே பால் கலந்த மாதிரி கலங்கல் தெரிந்தாலோ, கூலன்ட் நாளுக்கு நாள் குறைந்தாலோ, என்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ, அப்போதுதான் கேஸ்கெட் சந்தேகம் நியாயம். அந்த நிலையில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது.

ஒரு சின்னச் சோதனை தெரிந்திருப்பது நல்லது. நன்றாகச் சூடான இரும்புத் தகட்டில் ஒரே ஒரு சொட்டு ஆயிலை விட்டால், தண்ணீர் கலந்திருந்தால் படபடவென்று பொரியும். சுத்தமான ஆயில் சத்தமில்லாமல் பரவி லேசாகப் புகையும். கண்ணாடி போட்டுக்கொண்டு, வெளியில் வைத்துச் செய்யுங்கள். சமையலறை அடுப்பில் வேண்டாம்.

அளவு 'மேக்ஸ்' குறிக்கு மேலே ஏறியிருக்கிறது

ஊற்றாத ஆயில் எப்படிக் கூடும் என்று கேட்பார்கள். கூடும். எரிபொருள் கலந்தால் கூடும்.

பெட்ரோல் காரில் டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் நெடி தூக்கலாக அடிக்கும், ஆயில் விரலில் தண்ணியாக ஓடும். நேரடி இன்ஜெக்‌ஷன் உள்ள டர்போ பெட்ரோல் என்ஜின்களில் இது சாதாரண என்ஜினைவிட அதிகமாக நடக்கும். லேசான நெடி என்றால் ஒரு நீண்ட ஓட்டத்தில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். அளவே குறி தாண்டி ஏறியிருந்தால் ஓட்டிச் சரிசெய்யலாம் என்று பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

டீசல் காரில் விஷயம் தீவிரம். 2020 ஏப்ரல் 1 முதல் விற்ற, பிஎஸ் 6 என்ற புகை விதிப்படி செய்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அது நிரம்பியதும், சேர்ந்த கரியை எரிப்பதற்காக என்ஜின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சி வடிகட்டிக்குள் 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றும். இது முடிய, கார் ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். இந்திரா நகரிலிருந்து அல்சூருக்குப் போய் அணைத்துவிட்டால் வேலை பாதியில் நின்றுவிடும். அடுத்த முறை மறுபடியும் ஆரம்பிக்கும், மறுபடியும் நிற்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் டீசல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். பெட்ரோல்போல டீசல் அவ்வளவு சீக்கிரம் ஆவியாகிப் போகாது. இறங்கியது தங்கும்.

அளவு ஏறிக்கொண்டே போய், அந்த ஆயில்-டீசல் கலவையையே என்ஜின் உறிஞ்சி எரிக்கத் தொடங்கினால், சாவியை அணைத்தாலும் என்ஜின் நிற்காமல் உறுமிக்கொண்டே போகும் ஆபத்து உண்டு. மிகையாகச் சொல்லவில்லை. டீசல் காரில் அளவு குறிக்கு மேல் இருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் ஆயிலை முழுசாக இறக்குங்கள். மேலே உள்ளதை மட்டும் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டு ஓட்டும் வேலை வேண்டாம், மிச்சம் இருப்பதும் அதே கலவைதான். புதிதாக ஊற்றும்போது டிபிஎஃப் உள்ள என்ஜினுக்கென்று புத்தகத்தில் சொல்லியிருக்கும் ஆயிலையே கேளுங்கள். சாதாரண டீசல் ஆயில் விட்டுச்செல்லும் சாம்பல் வடிகட்டியை அடைத்துவிடும்.

மனதில் பட்டதைச் சொல்கிறேன்: ஊருக்குள் மட்டும் வாரம் ஒரு நாள் ஓட்டுபவருக்கு பிஎஸ் 6 டீசல் சரியான வண்டி இல்லை. அடுத்து வாங்கும்போது யோசியுங்கள்.

எரிபொருள் கலக்கவில்லை, நெடியும் இல்லை, ஆனால் அளவு மேலே இருக்கிறது என்றால் போன சர்வீஸில் கூடுதலாக ஊற்றியிருக்கலாம். சர்வீஸிலிருந்து வந்த மறுநாள் காலையே டிப்ஸ்டிக்கைப் பார்க்கும் பழக்கம் வையுங்கள். அதிகமான ஆயிலை, என்ஜினின் அடியில் சுழலும் கிராங்க் தண்டு அடித்து நுரையாக்கும். நுரைத்த ஆயிலில் பிரஷர் நிற்காது.

அளவு குறைந்திருக்கிறது

காருக்கு அடியில் இரவு ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே பாருங்கள். ட்ரெயின் போல்ட் வாஷரா, ஃபில்டரா, வால்வு கவர் கேஸ்கெட்டா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பல மாதம் நிற்கும் காரில் ஆயில் படாமல் ரப்பர் சீல்கள் காய்ந்து இறுகிவிடும், அதனால் நன்றாக இருந்த இடம் திடீரென்று கசியும். அட்டை சுத்தமாக இருந்து, காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை வந்து மறைந்தால் வால்வு சீல் தளர்ந்திருக்கிறது. உடனே பெரிய வேலை வைக்க வேண்டியதில்லை, அளவை மட்டும் அடிக்கடி பாருங்கள்.

நிரப்பும்போது அதே கிரேடு ஆயிலை 200 மில்லி ஊற்றி, பொறுத்து, அளந்து, மறுபடியும் ஊற்றுங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையே உள்ளது பல கார்களில் 1 லிட்டர்கூட வராது.

முதல் ஸ்டார்ட்டில் 'டக் டக்' சத்தம்

இரண்டு வாரம் நின்ற காரில் மேலே இருந்த ஆயில் முழுக்கச் சம்ப்புக்கு இறங்கியிருக்கும். ஆயில் மேலே ஏறும் வரை ஓரிரு விநாடி சத்தம் வந்து அடங்கினால் பரவாயில்லை. பல ஃபில்டர்களுக்குள் ஆயில் திரும்பி வழியாமல் தடுக்கும் ஒரு ரப்பர் வால்வு இருக்கும். மலிவு ஃபில்டரில் அது சீக்கிரம் விறைத்துவிடும். ஆயில் மாற்றும்போது கம்பெனி ஃபில்டரே போடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சத்தம் நீடித்தால் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் சத்தம் போகாவிட்டால் ஆயில் நீர்த்திருக்கலாம், மாற்றிப் பாருங்கள். மாற்றியும் போகாவிட்டால் மெக்கானிக் வேலை.

ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலரேட்டரை அழுத்தி உறும விடாதீர்கள். ஆயில் ஏறாத நேரத்தில் அது தேய்மானம்.

சிவப்பு ஆயில் விளக்கு அணையவில்லை

சாவி போட்டதும் எரிந்து, ஸ்டார்ட் ஆகி ஓரிரு விநாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டாலோ, ஓட்டும்போது எரிந்தாலோ ஓரமாக நிறுத்தி உடனே என்ஜினை அணையுங்கள். வீடு பக்கத்தில்தான், போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். பிரஷர் இல்லாத சில நிமிட ஓட்டம் என்ஜினையே தின்றுவிடும். டிப்ஸ்டிக்கில் அளவு குறைந்திருந்தால் நிரப்பி, விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். அளவு சரியாக இருந்தும் எரிந்தால் டோ செய்துதான் எடுத்துப்போக வேண்டும். ஆயில் பம்ப்பின் வலையை ஸ்லட்ஜ் என்ற கெட்டி அழுக்கு அடைத்திருக்கலாம், சென்சாரே கெட்டிருக்கலாம். எது என்று வீட்டில் இருந்தபடி சொல்ல முடியாது.

ஸ்பானர் படமோ சர்வீஸ் என்ற எழுத்தோ வந்தால் அது தவணையை நினைவூட்டுவது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பேஸ்மென்ட்டில் தண்ணீர் புகுந்தது

2022 செப்டம்பரில் பெல்லந்தூர், சர்ஜாப்பூர் ரோடு பக்கம் பேஸ்மென்ட்டுகள் நிரம்பிக் கார்கள் மூழ்கியதைப் பார்த்தோம். தண்ணீர் சக்கரத்தின் பாதியைத் தாண்டியிருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஓடுகிறதா என்று ஒரு முறை பார்க்கலாமே என்ற ஆசைதான் பெரிய செலவு. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படி ஸ்டார்ட் செய்து கெடுத்த என்ஜினுக்குத் தனியாக என்ஜின் பாதுகாப்பு எடுக்காத சாதாரண இன்சூரன்ஸ் பொதுவாகப் பணம் தராது. முடிந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றி, போட்டோ எடுத்து, இன்சூரன்ஸுக்குச் சொல்லி, லாரியில் ஏற்றி அனுப்புங்கள். அங்கே ஆயில், ஃபில்டர், கியர்பாக்ஸ் ஆயில் எல்லாம் மாற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடியும் ஒரு முறை என்ஜின் ஆயில் மாற்றச் சொல்லுங்கள். ஒரே மாற்றலில் எல்லா ஈரமும் வெளியேறாது.

ஸ்டார்ட்டே ஆகவில்லை

இது பெரும்பாலும் ஆயில் விஷயம் இல்லை. பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட் அளவுக்கு இருக்க வேண்டும், 12.2-க்குக் கீழே போனால் பாதிதான் மிச்சம். நிற்கும் காரிலும் லாக், அலாரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று, இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 பிப்ரவரி 6-ல் அதை நாட்டுக்கு அறிமுகப்படுத்தியதே பெங்களூரில்தான். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்ற பெட்ரோலில் என்ஜின் திணறினால் டேங்கில் புதுப் பெட்ரோல் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று பானெட்டையும் ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.

யாருக்கு 12 மாதம், யாருக்கு 6 மாதம்

மாதத்தில் இரண்டு மூன்று முறையாவது ஒரே மூச்சில் அரைமணி நேரம் தாண்டி ஓடுகிற பெட்ரோல் காருக்கு 12 மாதம் தாராளம். ஒவ்வொரு ஓட்டமும் 10 கிலோமீட்டருக்குள் முடிகிறது, ஒவ்வொரு முறையும் என்ஜின் குளிர்ந்த பிறகே எடுக்கிறீர்கள் என்றால் 6 மாதம். கார் புத்தகங்கள் பலவற்றில் இத்தகைய குட்டி ஓட்டத்தைக் கடினமான பயன்பாடு என்றுதான் போட்டு, தவணையைக் குறைத்திருப்பார்கள். அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. டர்போ பெட்ரோல், பிஎஸ் 6 டீசல் இரண்டுக்கும் ஊருக்குள் மட்டும் ஓட்டம் என்றால் 6 மாதத்தைத் தாண்டாதீர்கள். ஹைபிரிட் கார்களிலும் என்ஜின் அவ்வப்போதுதான் ஓடுகிறது, ஆயில் சூடேறவே நேரமாகும். வருடத் தவணையைத் தள்ளிப்போட வேண்டாம்.

'ஃபுல் சிந்தெட்டிக் போட்டால் இரண்டு வருடம் விடலாம்' என்பார்கள். சிந்தெட்டிக் நல்ல ஆயில், சூட்டில் சீக்கிரம் சிதையாது. ஆனால் அதற்குள்ளும் அதே தண்ணீரும் பெட்ரோலும்தான் இறங்குகின்றன. ஐரோப்பாவில் சில கம்பெனிகள் இரண்டு வருடம் வரை அனுமதிப்பது உண்மைதான். உங்கள் இந்தியப் புத்தகத்தில் 12 மாதம் என்று இருந்தால் 12 மாதம்தான். வாரண்டியில் இருக்கும் காருக்கு இது இன்னும் முக்கியம், தவணை தவறினால் என்ஜின் கோளாறுக்கு வாரண்டி கேட்கும்போது பிரச்சினை வரும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்பவர்களையும், ஒவ்வொரு சர்வீஸிலும் உள்ளே கழுவும் திரவம் ஊற்றி என்ஜின் ஃப்ளஷ் செய்யச் சொல்பவர்களையும் மறுத்துவிடுங்கள். பல வருடம் ஆயில் மாற்றாமல் ஸ்லட்ஜ் கட்டிய என்ஜினில் ஃப்ளஷ் ஊற்றினால் கட்டி ஒரேயடியாகப் பெயர்ந்து பம்ப் வலையை அடைக்கக்கூடும். அதற்குப் பதில் நல்ல ஆயில் ஊற்றி, 1,000 கிலோமீட்டரிலோ இரண்டு மூன்று மாதத்திலோ மறுபடியும் மாற்றுங்கள். அழுக்கு மெதுவாகக் கரைந்து வரும்.

தேதி எப்போது வைப்பது? இங்கே மழை ஓய்ந்த நவம்பர், டிசம்பர் நல்ல நேரம். மழைக்கால ஈரத்தோடு பழைய ஆயில் போய்விடும், பொங்கலுக்குக் கிருஷ்ணகிரி, சேலம் என்று கிளம்பும்போது புது ஆயில் இருக்கும். பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாதம் வெளிநாடு போகிறீர்கள் என்றால் திரும்பி வந்து மாற்றலாம் என்று விடாதீர்கள். போவதற்கு முன்பே மாற்றி, கொஞ்சம் ஓட்டி, அப்புறம் நிறுத்துங்கள். அமிலம் ஏறிய ஆயிலில் பேரிங் ஆறு மாதம் ஊற வேண்டாம்.

பார்க்கிங்கில் ஓடவிடுவது வேண்டாம்

10 நிமிடம் ஸ்டார்ட்டில் வைத்து அணைப்பது காருக்குச் செய்யும் நல்லது என்று பலர் மனதாரச் செய்கிறார்கள். சும்மா ஓடும் என்ஜின் மெதுவாகத்தான் சூடாகும். தண்ணீரும் பெட்ரோலும் ஆயிலில் சேரும், ஆவியாகும் சூடு வராது. பேட்டரிக்கும் பெரிதாக ஒன்றும் ஏறாது. மூடிய பேஸ்மென்ட்டில் கார்பன் மோனாக்சைடு வேறு. வாரம் ஒரு முறை, முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, 30, 40 நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். ஞாயிறு அதிகாலை ஓசூர் ரோடு மேம்பாலம் ஏறி அத்திப்பள்ளி வரை, அல்லது நைஸ் ரோடு, அல்லது பல்லாரி ரோட்டில் ஏர்போர்ட் பக்கம். அதற்கு நேரமில்லை என்றால் அந்த வாரம் ஸ்டார்ட் செய்யாமலே விடுவது மேல்.

மாற்றும் நாளில்

என்ஜினைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு இறக்கச் சொல்லுங்கள், அழுக்கு ஆயிலோடு சேர்ந்து வரும். சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 3 முதல் 3.5 லிட்டர் போதும். ஆயிலின் கிரேடு, 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று புத்தகத்தில் எது இருக்கிறதோ அதுவே. வண்டி பழசாகிவிட்டது, கெட்டியான ஆயில் போடலாம் என்ற யோசனை, முதல் ஸ்டார்ட்டில் ஆயில் சீக்கிரம் மேலே ஏற வேண்டிய நின்ற காருக்குப் பொருந்தாது. ட்ரெயின் போல்ட் வாஷர் புதிது, ஃபில்டர் புதிது. ஜே.சி. ரோட்டில் எல்லாம் கிடைக்கும், ஆனால் பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள், டப்பா சீலை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள். போலி ஆயில் நல்ல டப்பாவில்தான் வருகிறது. பில்லில் தேதி, கிலோமீட்டர், ஆயில் கிரேடு மூன்றும் இருக்கட்டும். பானெட்டின் உள்பக்கம் தேதியை மார்க்கரில் எழுதி ஒட்டிவிட்டால் அடுத்த வருடம் தேட வேண்டாம்.

வீட்டிலேயே மாற்றுபவர்கள் இறக்கிய பழைய ஆயிலை அதே டப்பாவில் ஊற்றி மூடி, பழைய ஃபில்டரோடு சேர்த்து, எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். சட்டப்படி அது அபாயக் கழிவு. நம் தெருச் சாக்கடை ராஜகாலுவே என்ற பெரிய மழைநீர்க் கால்வாய் வழியாக ஏரிக்குத்தான் போகிறது, அதில் ஒரு சொட்டும் விடாதீர்கள்.